மாத்திரை முடிந்த பின் ஒரு துளி இரத்தம்

மலேரியாவுக்கு மருந்து உட்கொண்டு காய்ச்சல் தணிந்த ஒருவரின் இரத்தத்தில் கிருமி இன்னும் இருக்கிறதா என்னும் கேள்வி, நோய் உண்டா இல்லையா என்று முதன்முதலில் எழுப்பப்படும் கேள்வியைப் போல எளிதானதன்று. முதற்சோதனையில் கிருமி தென்பட்டால் உடனே மருந்தைத் தொடங்கிவிடலாம். அதற்கு மேல் ஆராய வேண்டியது குறைவு. சிகிச்சைக்குப் பிந்திய சோதனையிலோ, 'உண்டு' என்று வரும் விடை உயிருள்ள கிருமியையும் குறிக்கலாம், செத்துப்போன கிருமியின் எச்சத்தையும் குறிக்கலாம். 'இல்லை' என்று வரும் விடை நோய் தீர்ந்ததையும் குறிக்கலாம், சோதனைக்கு எட்டாத அளவில் கிருமி பதுங்கியிருப்பதையும் குறிக்கலாம். எந்தச் சோதனை, மருந்து தொடங்கி எத்தனையாவது நாளில், எந்த வகைக் கிருமிக்காகச் செய்யப்பட்டது என்பது தெரியாமல் அந்த விடையைப் பொருள்கொள்ள முடியாது.

புதுக்கோட்டை போன்ற ஒரு மாவட்டத்தில் இக்கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. மலேரியா இங்கே அன்றாட நோயன்று. ஒடிசாவின் மலைப்பகுதிகளிலோ சத்தீஸ்கரின் காட்டுப்பகுதிகளிலோ வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்புபவர், அங்கிருந்து இங்கே கட்டட வேலைக்கு வருபவர், சென்னையில் தங்கிப் பிழைப்பவர், ஆப்பிரிக்க நாடுகளுக்குச் சென்று வருபவர் ஆகியோரின் உடலில் ஏறித்தான் இத்தகைய மாவட்டங்களுக்குள் கிருமி பெரும்பாலும் வந்து சேர்கிறது. ஆனால் கிருமி அரிது என்பதால் அதைப் பரப்பும் கொசுவும் அரிது என்று எண்ணிவிடக் கூடாது. தேங்கிய வாய்க்கால் நீரிலும் மணற்பள்ளங்களிலும் வளரும் 'அனாபிலிஸ் குலிசிஃபேசிஸ்' என்ற கொசுவுக்கும், கிணறுகளிலும் மூடாத தண்ணீர்த் தொட்டிகளிலும் வளரும் 'அனாபிலிஸ் ஸ்டீஃபன்சி' என்ற கொசுவுக்கும் தமிழ்நாட்டில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆகவே வெளியூரிலிருந்து வந்த ஒருவருக்குச் சிகிச்சை அளித்த பிறகு அவருடைய இரத்தம் உண்மையிலேயே தூய்மையானதா என்று உறுதிசெய்வது, அவருடைய நலத்தோடு மட்டும் நின்றுவிடும் காரியமன்று. மருந்துக்குத் தப்பிய கிருமியை ஒரு கொசு எடுத்துச் செல்ல வழியிருக்கும் வரை, அது அவர் வாழும் தெருவின் காரியமுமாகும்.

மலேரியா நோயைத் தருவது 'பிளாஸ்மோடியம்' என்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. கொசு கடிக்கும்போது உடலுக்குள் நுழையும் அது முதலில் கல்லீரலில் பெருகி, பிறகு இரத்தத்தின் சிவப்பணுக்களுக்குள் புகுந்து, அவற்றை உண்டு, பிளந்து வெளிவந்து, அடுத்த சிவப்பணுக்களைத் தாக்குகிறது. இந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் இரு வகைகளான 'வைவாக்ஸ்', 'ஃபால்சிபாரம்' ஆகிய இரண்டிலும் இந்தச் சுற்று ஏறத்தாழ 48 மணி நேரம் எடுத்துக்கொள்வதால்தான், குளிரும் நடுக்கமும் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகின்றன. இவ்விரண்டில் உயிரைப் பறிக்கும் தன்மை ஃபால்சிபாரத்துக்கே மிகுதி. வைவாக்ஸ் அந்த அளவுக்குக் கொடியதன்று என்றாலும், போய்விட்டது போலக் காட்டி மீண்டும் மீண்டும் வரும் இயல்புடையது.

1880-இல் அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரில் பிரெஞ்சு இராணுவ மருத்துவர் லாவரான் ஒரு நோயாளியின் இரத்தத்தில் இவ்வொட்டுண்ணியை முதன்முதலில் கண்டபோது, சாயமேற்றாத இரத்தத்தையே நுண்ணோக்கியில் பார்த்தார். சாயமேற்றும் முறைகள் பின்னர் வந்தன. கிம்சா சாயம் உலகெங்கும் பரவிய போதிலும், இந்தியாவின் ஆய்வகங்களில் நெடுங்காலமாக இடம்பிடித்திருப்பது 1944-இல் ஜஸ்வந்த் சிங், பட்டாச்சார்ஜி ஆகிய இந்திய ஆய்வாளர்கள் உருவாக்கிய, அவர்களுடைய பெயர்களின் முதலெழுத்துகளைக் கொண்டு 'ஜே.எஸ்.பி.' என்று அழைக்கப்படும் சாயம். விலை குறைவு, வேலையும் விரைவில் முடிந்துவிடும் என்பதால், ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான கண்ணாடிச் சில்லுகளைப் பார்த்தாக வேண்டிய காலத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு அது பெரிதும் கைகொடுத்தது.

இரத்தத் தடவல் எடுக்கும் முறை எளிதாகத் தோன்றினாலும் நுணுக்கமானது. இடக்கையின் மோதிர விரல் நுனியை ஸ்பிரிட் கொண்டு துடைத்து உலரவிட்டு, ஊசியால் குத்தி, முதலில் வரும் துளியைத் துடைத்தெறிந்துவிட்டு, அடுத்த துளிகளைக் கண்ணாடிச் சில்லில் ஏந்துகின்றனர். ஒருபுறம் சில துளிகளை ஒன்றுசேர்த்து, மற்றொரு சில்லின் முனையால் சுழற்றி, ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குப் பரப்பினால் அது 'தடித்த தடவல்'. மறுபுறம் ஒரு சிறு துளியைச் சாய்வாகப் பிடித்த சில்லின் விளிம்பால் ஒரே வீச்சில் இழுத்தால் அது 'மெல்லிய தடவல்'. தடித்த தடவல் எவ்வளவு தடிப்பாக இருக்க வேண்டும் என்பதற்கு அளவுகோல் ஏதும் தேவையில்லை: ஈரம் காயுமுன் அதை அச்சிட்ட செய்தித்தாளின் மேல் வைத்தால் எழுத்துகளைப் படிக்க இயல வேண்டும். மெல்லிய தடவல் உலர்ந்ததும் அதன் மீதே நோயாளியின் எண்ணைப் பென்சிலால் எழுதிவிடுகின்றனர். மையில் எழுதினால் சாயமேற்றும்போது கரைந்துபோகும்.

தடித்த தடவலில் சாயமேற்றும்போது சிவப்பணுக்கள் கரைந்து மறைந்துவிட, வெள்ளையணுக்களும் ஒட்டுண்ணிகளும் மட்டுமே எஞ்சுகின்றன. பல அடுக்கு இரத்தம் ஒரே இடத்தில் குவிந்திருப்பதால் குறைந்த எண்ணிக்கையிலான கிருமியும் அதில் அகப்படும். நீலநிறச் சிறு திட்டு, அதையொட்டி ஒரு செந்நிறப் புள்ளி: ஆய்வக நுட்புநர் தேடுவது இதைத்தான். ஆயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் எண்ணெய் வில்லையின் கீழ் அவர் குறைந்தது 100 பார்வைப்புலங்களையாவது நகர்த்தி நகர்த்திப் பார்த்த பிறகே 'கிருமி இல்லை' என்று எழுதலாம் என்பது விதி. அவர் பார்த்து முடிக்கும் அந்த நூறு புலங்களில் அடங்கியிருப்பது ஒரு மைக்ரோலிட்டரில் கால் பங்கோ அதற்கும் குறைவோ ஆன இரத்தம்தான். மெல்லிய தடவலில் சிவப்பணுக்கள் சிதையாமல் இருப்பதால் கிருமி எந்த வகை என்பதை அது தெளிவாகக் காட்டும். ஆனால் எண்ணிக்கை குறைந்த கிருமியை அதில் தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.

சிகிச்சைக்குப் பிந்திய சோதனையில் வெறும் 'உண்டு', 'இல்லை' என்பதற்கும் மேலாக எண்ணிக்கை தேவைப்படுகிறது. தடித்த தடவலில் 200 வெள்ளையணுக்களை எண்ணி முடிப்பதற்குள் எத்தனை ஒட்டுண்ணிகள் தென்பட்டன என்று கணக்கிட்டு, ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 8,000 வெள்ளையணுக்கள் இருப்பதாகக் கொண்டு பெருக்குவது வழக்கம். 200-க்கு 40 ஒட்டுண்ணிகள் என்றால் மைக்ரோலிட்டருக்கு 1,600. முதல்நாள் எண்ணிக்கையோடு மூன்றாம்நாள் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் மருந்து வேலை செய்கிறதா என்பது விளங்கும். மருந்துகளின் திறனை அளக்க உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள முறையில், மருந்து தொடங்கும் நாள் சுழிய நாளாகக் கொள்ளப்பட்டு, 1, 2, 3 ஆகிய நாள்களிலும், பிறகு 7, 14, 21, 28 ஆகிய நாள்களிலும் இரத்தம் பார்க்கப்படுகிறது. இரண்டாம்நாள் எண்ணிக்கை முதலில் இருந்ததைவிடக் கூடினாலோ, மூன்றாம்நாளில் அது தொடக்க எண்ணிக்கையின் கால் பங்குக்குக் குறையாமல் நின்றாலோ, காய்ச்சலோடு கிருமியும் சேர்ந்து மூன்றாம்நாளில் தென்பட்டாலோ அது 'தொடக்கத் தோல்வி' எனக் கொள்ளப்படும். முதலில் மறைந்த கிருமி 28 நாளுக்குள் திரும்பி வருமானால் அது 'பிந்திய தோல்வி'.

முதல் ஒரு நாளில் எண்ணிக்கை சற்று ஏறுவதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஃபால்சிபாரம் ஒட்டுண்ணி முதிரும்போது, அது குடியிருக்கும் சிவப்பணு நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. மூளை, சிறுநீரகம் போன்ற உறுப்புகளில் அடைத்துக்கொண்டு உயிருக்கு ஆபத்தை விளைவிப்பதும் அதுவே. விரல் நுனியில் எடுக்கும் இரத்தத்தில் அவ்வாறு ஒளிந்தவை தென்படுவதில்லை. அவை பிளந்து இளம் ஒட்டுண்ணிகள் வெளிப்படும் நேரத்தில் இரத்தம் எடுத்தால் எண்ணிக்கை திடீரென உயரும். மருந்து தோற்றது என்று அதற்குப் பொருளில்லை. ஒளிந்திருந்தவை கண்ணுக்குத் தெரியத் தொடங்கின என்பதுதான் பொருள்.

அதைப் போலவே 'இல்லை' என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. நல்ல தேர்ச்சியுள்ளவர் பொறுமையாகப் பார்த்தால் மைக்ரோலிட்டருக்கு 5 முதல் 10 வரையிலான ஒட்டுண்ணிகளையும் கண்டுவிடலாம்; வேலை நெருக்கடியுள்ள சாதாரண ஆய்வகத்தில் அந்த எல்லை 50-இலிருந்து 100 வரை என்று கொள்வதே பொருத்தம். வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர், அதாவது 50 லட்சம் மைக்ரோலிட்டர் இரத்தம் ஓடுகிறது. மைக்ரோலிட்டருக்கு 50 என்ற எல்லையை ஒட்டிக் கிருமி இருக்குமானால், ஆய்வறிக்கை 'இல்லை' என்று சொல்லும் அதே நேரத்தில் அவர் உடலில் 25 கோடி ஒட்டுண்ணிகள் உயிர்வாழ முடியும். காய்ச்சல் நின்றதும் மருந்தை நிறுத்திவிடுபவர்கள் இந்த ஒரு கணக்கை மனத்தில் கொண்டால் போதும்.

மருந்தைத் தாண்டியும் இரத்தத்தில் தங்கி, ஆனால் நோயைத் தராத ஓர் உருவமும் உண்டு. ஒட்டுண்ணிகளில் சில, பெருகுவதை விடுத்து ஆண், பெண் என்னும் பாலணுக்களாக மாறி, கொசு வந்து உறிஞ்சிக்கொள்வதற்காகக் காத்திருக்கின்றன. ஃபால்சிபாரத்தின் பாலணு பிறைநிலவின் வடிவில் இருப்பதால் எளிதில் அடையாளம் தெரியும். ஆர்டிசுனேட் முதலிய மருந்துகள் பெருகும் ஒட்டுண்ணிகளை விரைவாக அழித்தாலும், முதிர்ந்த பிறைவடிவங்களை அவ்வளவாகத் தொடுவதில்லை. அவை வாரக்கணக்கில் இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். எனவே ஏழாம்நாள் தடவலில் பிறைவடிவம் மட்டும் தென்பட்டால் மருந்து தோற்றுவிட்டதாகக் கருதக் கூடாது. நோயாளிக்கு அவற்றால் காய்ச்சல் வராது, ஆனால் ஊருக்கு அவற்றால் ஆபத்து உண்டு. அவற்றை அழிப்பதற்காகவே ஃபால்சிபாரம் நோயாளிக்குப் பிரைமாகுவின் மாத்திரை ஒரே ஒரு வேளை கொடுக்கப்படுகிறது.

இப்போது பெரும்பாலான இடங்களில் நுண்ணோக்கிக்கு முன்பாகவே கைக்கு வருவது துரிதப் பரிசோதனை அட்டை. ஒரு துளி இரத்தத்தை இட்டால் கால் மணி நேரத்தில் கோடு விழுகிறது. நுட்புநர் இல்லாத ஊரிலும் கிராம சுகாதாரச் செவிலியரே பார்த்துச் சொல்லிவிடலாம். நோயை முதலில் கண்டறிய இதைவிட வசதியான கருவி வேறில்லை. ஆனால் சிகிச்சைக்குப் பிறகு இதே அட்டை மக்களையும், சில வேளைகளில் மருத்துவர்களையும் தவறான வழியில் இட்டுச் செல்கிறது. ஃபால்சிபாரத்துக்கான கோடு, அவ்வொட்டுண்ணி வெளியிடும் 'எச்.ஆர்.பி.-2' என்னும் புரதத்தைக் கண்டே விழுகிறது. கிருமி முழுவதும் செத்த பின்னரும் அந்தப் புரதம் இரத்தத்தில் இரண்டு வாரம் முதல் ஐந்து வாரம் வரை, சிலரிடம் அதற்கு மேலும், தங்கியிருக்கும். பந்தி முடிந்து எல்லோரும் போன பிறகு கிடக்கும் எச்சில் இலைகளைப் பார்த்து, விருந்தினர் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருப்பதாக முடிவுகட்டுவது போன்றது, மூன்றாம் வாரத்தில் இந்த அட்டையைப் பார்த்து மருந்து கேட்கவில்லை என்று சொல்வது. வைவாக்ஸுக்கான கோடு 'எல்.டி.எச்.' என்னும் நொதியை நம்பியிருப்பதால் நிலைமை வேறு: உயிருள்ள ஒட்டுண்ணிதான் அதைச் சுரக்கும் என்பதால், கிருமி மறைந்த சில நாள்களில் அந்தக் கோடும் மறைந்துவிடுகிறது.

இந்தத் தவறு வெறும் ஏட்டுப் பிழையாக நின்றுவிடுவதில்லை. ஃபால்சிபாரம் மலேரியாவிலிருந்து குணமாகி மூன்று வாரம் ஆன ஒருவருக்கு மீண்டும் காய்ச்சல் வருகிறது என்று கொள்வோம். மழைக்காலத்தில் அது டெங்குவாக இருக்கலாம். வயற்காட்டிலும் புதர்க்காட்டிலும் வேலை செய்பவரானால் உண்ணிக் காய்ச்சலாகவும் இருக்கலாம். அட்டையில் பழைய மலேரியாவின் கோடு விழ, அதையே நம்பி மலேரியா மருந்தை இரண்டாம் முறை கொடுத்து, உண்மையான நோயைக் கவனியாமல் விட்டுவிட்டால் நாள்கள் வீணாகும். சிகிச்சைக்குப் பிந்திய ஐயத்தைத் தீர்க்க அட்டையை நாடக் கூடாது, தடவலையே பார்க்க வேண்டும் என்று வலியுறுத்தப்படுவது இதனால்தான்.

பி.சி.ஆர். எனப்படும் மரபணுப் பெருக்கச் சோதனை, நுண்ணோக்கிக்கு எட்டாத மிகச் சிறிய எண்ணிக்கையையும் காட்டிவிடும். எனினும் செத்த ஒட்டுண்ணியின் மரபணுத் துணுக்கும், நோயாளிக்குத் தீங்கு செய்யாத பிறைவடிவமும் அதில் 'உண்டு' என்றே பதிவாகும் என்பதால், சிகிச்சை முடிந்த சில நாள்களில் அதைச் செய்து பார்த்துக் கலங்குவதில் பயனில்லை. அது உண்மையில் கைகொடுப்பது வேறொரு வினாவுக்கு: 28 நாளுக்குள் திரும்பிய ஃபால்சிபாரம், மருந்துக்குத் தப்பிய பழைய கிருமியா, புதிய கொசுக்கடியால் வந்த வேறு கிருமியா? முதல்நாள் இரத்தத்தில் இருந்த ஒட்டுண்ணியின் மரபணுச் சாயலையும் பின்னர் வந்ததன் சாயலையும் அருகருகே வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். மருந்து எதிர்ப்பைக் கணக்கிடும் ஆய்வுகள் பலவும் இந்த ஒப்பீட்டைச் சார்ந்து நிற்கின்றன. இந்தியாவில் குளோரோகுவினுக்கு அடங்காத ஃபால்சிபாரம் 1973-இல் அசாமின் கார்பி ஆங்லாங் பகுதியில் முதன்முதலாக அறியப்பட்டது. இன்று அந்த வகைக்கு ஆர்டிமிசினின் சார்ந்த கூட்டு மருந்துகளே கொடுக்கப்படுகின்றன. அம்மருந்துகளுக்கும் கிருமி மெதுவாகப் பணியும் போக்கு முதலில் கம்போடியாவின் மேற்குப் பகுதியிலும் பின்னர் ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றிலும் தெரியவந்தது, மூன்றாம்நாள் தடவலில் மிஞ்சி நின்ற கிருமியைக் கொண்டுதான். விலையுயர்ந்த எந்திரங்கள் எத்தனை வந்தாலும், முதல் ஐயத்தைக் கிளப்பியது கண்ணாடிச் சில்லும் சாயமும்தான் என்பது கவனிக்கத் தக்கது.

வைவாக்ஸின் வழியோ முற்றிலும் வேறு. அதன் ஒரு பகுதி கல்லீரலில் உறங்குநிலையில் தங்கிவிடுகிறது. அங்கே அதைக் காட்டக்கூடிய இரத்தச் சோதனை எதுவும் இதுவரை நடைமுறையில் இல்லை. குளோரோகுவின் மூன்று நாளில் இரத்தத்திலுள்ள கிருமியைத் துடைத்துவிடும், தடவலும் தூய்மையாகிவிடும்; ஆயினும் சில வாரத்திலோ, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரையிலான காலத்திலோ உறங்கியது விழித்துக்கொண்டு புதிய காய்ச்சலாக வெளிப்படும். அப்போது இரத்தத்தில் காணப்படும் கிருமி, மருந்து தோற்றதன் அடையாளமன்று. பழைய தொற்றின் மறுவருகை. கல்லீரலில் உறங்குவதை ஒழிக்க 14 நாள் பிரைமாகுவின் உட்கொண்டாக வேண்டும். காய்ச்சல் மூன்றாம்நாளே நின்றுவிடுவதால் இந்தப் பதினான்கு நாளை முழுமையாக முடிப்பவர் குறைவு. 'ஜி6பி.டி.' என்னும் நொதி பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு இம்மாத்திரை சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும் என்பதால், சிறுநீர் கருத்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைக் காண வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இதைக் கொடுப்பதில்லை. வைவாக்ஸ் ஒட்டுண்ணிகள் இரத்தத்தைவிட மண்ணீரலில் பெருந்திரளாகக் குவிந்திருப்பதை, இந்தோனேசியாவின் பப்புவா பகுதியில் மண்ணீரல் அகற்றப்பட்டவர்களிடம் நடத்தப்பட்டு 2021-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. விரல் நுனி இரத்தம் உடல் முழுவதற்கும் சாட்சி சொல்லும் என்ற நம்பிக்கை அதன் பிறகு மேலும் தளர்ந்திருக்கிறது.

மிஞ்சிய கிருமியை அலட்சியம் செய்ததன் விலையை இந்தியாவும் இலங்கையும் ஒருமுறை கொடுத்திருக்கின்றன. இந்தியாவில் 1965-ஐ ஒட்டி ஆண்டுக்கு ஒரு லட்சம் அளவுக்குக் குறைந்திருந்த மலேரியா, 1976-இல் 64 லட்சத்தைத் தாண்டியது. புதுக்கோட்டைக் கடற்கரையின் கோட்டைப்பட்டினத்துக்கும் ஜெகதாப்பட்டினத்துக்கும் எதிர்க்கரையில் உள்ள இலங்கையில், 1963-இல் நாடு முழுவதற்கும் 17 பேர் என்று சுருங்கிய நோய், கண்காணிப்புத் தளர்ந்ததும் அதே பத்தாண்டின் இறுதியில் லட்சக்கணக்கானவரைத் தாக்கியது. மருந்துக்கும் பூச்சிமருந்துக்கும் கிருமியும் கொசுவும் பழகிக்கொண்டது ஒரு காரணம் என்றால், நோயாளி குறைந்ததும் தடவல் எடுக்கும் கைகளும் பார்க்கும் கண்களும் குறைந்தது மற்றொரு காரணம். இலங்கை அந்தப் பாடத்தை மறக்கவில்லை. 2012-க்குப் பின் உள்ளூரில் தொற்றிய நோயாளி எவரும் இல்லாத நிலையில், 2016-இல் மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றது. அதே ஆண்டு மன்னாரில் ஸ்டீஃபன்சி கொசு புதிதாகக் கண்டறியப்பட்டது. 2018-இல் வெளிநாட்டுத் தொழிலாளர் ஒருவரின் இரத்தத்திலிருந்த வைவாக்ஸ், கொசு வழியே உள்ளூர்வாசி ஒருவருக்குத் தொற்றிய நிகழ்வும் அங்கே பதிவாயிற்று. கண்காணிப்பு உயிரோடு இருந்ததால் அது பரவாமல் தடுக்கப்பட்டது.

இந்தியா 2027-க்குள் உள்நாட்டுத் தொற்றை இல்லாமலாக்கி, 2030-க்குள் மலேரியாவை ஒழிப்பதாக இலக்கு வகுத்துள்ளது. அந்த இலக்கை நெருங்க நெருங்கப் புதுக்கோட்டை, அறந்தாங்கி சுகாதார மாவட்டங்களின் ஆய்வகங்களில் பணிபுரியும் நுட்புநர் பார்க்கும் சில்லுகளில் கிருமியுள்ளது அரிதிலும் அரிதாகும். மாதக்கணக்கில் ஒன்றையும் காணாத கண், காண வேண்டியதைத் தவறவிடுவது இயல்பு. கிருமியுள்ள பழைய சில்லுகளை அவ்வப்போது கொடுத்துப் பயிற்சி அளிப்பதும், பார்த்து முடித்த சில்லுகளை மற்றொருவர் மறுபடி பார்ப்பதும் அதிகச் செலவில்லாத காரியங்கள். ஒழிப்புக்கென ஒதுக்கும் பணத்தில் முதலில் வெட்டப்படக் கூடாதது இதுவே.

வெளியூரிலிருந்து திரும்பி மலேரியாவுக்குச் சிகிச்சை பெற்றவர்கள், காய்ச்சல் நின்றாலும் மாத்திரையை முழு நாளும் முடிக்க வேண்டும். சுகாதார ஆய்வாளர் மறுபடி இரத்தம் கேட்டு வந்தால் விரலை நீட்டத் தயங்கக் கூடாது. சிகிச்சை முடிந்து மூன்று மாதம் ஆகும் வரை இரத்த தானம் செய்யக் கூடாது. ஓராண்டுக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும், முன்பு மலேரியா வந்ததையும், எந்த ஊரில் வந்தது, எந்த மருந்து எத்தனை நாள் உட்கொண்டது என்பதையும் மருத்துவரிடம் தாமாகவே சொல்லிவிட வேண்டும்.